ஃபர்ஸ்ட் அவருக்கு வராதவர்கள்

கல்லூரியின் மாணவர் ஆதரவு மையம் மூன்றாவது மாடியில் இருந்தது. லிப்ட் ஆசிரியர்களுக்கு மட்டும் என்பதால், ஆதரவு தேவைப்படுகிறவர்கள் படியேறித்தான் வர வேண்டும். மூன்று மாடி ஏறுகிற தெம்பு இருப்பவனுக்கு ஆதரவு எதற்கு என்று பாதிப் பேர் முதல் மாடியிலேயே திரும்பிவிடுவார்கள். அந்த அறையில் முன்பு உடைந்த பெஞ்சுகளைப் போட்டுவைத்திருந்தார்கள். பெஞ்சுகளை அகற்றிவிட்டு ஒரு மேசை, ஒரு பீரோ, வெளிநாட்டுப் பிள்ளைகள் நான்கு பேர் புல்தரையில் உட்கார்ந்து காரணமில்லாமல் சிரிக்கிற படம் ஒன்று ஆகியவற்றை வைத்தார்கள். கடைசியாக அடைக்கலத்தை வைத்தார்கள்.

அடைக்கலம் பொருளாதாரத் துறையில் உதவிப் பேராசிரியர். வயது முப்பத்திரண்டு. வேலையில் சேர்ந்து ஒன்றரை வருஷம். தகுதிகாண் பருவம் முடிய இன்னும் ஆறு மாதம் இருந்தது. அந்தப் பருவத்தில் இருப்பவரிடம் எந்தப் பொறுப்பைக் கொடுத்தாலும் “சரிங்க மேடம்” என்பார். மையத்தின் ஒருங்கிணைப்பாளர் ஆவதற்கு வேறு தகுதி தேவைப்படவில்லை. அவர் இதே கல்லூரியில் பி.ஏ. படித்தவர் என்பதையும் நியமன ஆணையில் ஒரு வரி சேர்த்துப் பெருமைப்பட்டிருந்தார்கள்.

மையம் சும்மா இருந்தது என்று சொல்ல முடியாது. போன வருஷம் தாமதமாக வருகிற மாணவர்களுக்காக நேர மேலாண்மைப் பயிலரங்கு ஒன்றை நடத்தியது. காலை ஒன்பது மணிக்கு. தாமதமாக வருகிறவர்கள் வழக்கம்போல ஒன்பதே காலுக்கும் ஒன்பது இருபதுக்கும் வந்து சேர்ந்தபோது அரங்கின் கதவைச் சாத்தியிருந்தார்கள். உள்ளே, நேரத்துக்கு வந்தவர்கள் நேரத்துக்கு வருவது எப்படி என்று கற்றுக்கொண்டிருந்தார்கள்.

இந்த வருஷம் கருவி வந்தது. ஒவ்வொரு வகுப்பின் வாசலிலும் முகம் பார்க்கும் கருவி. எட்டு ஐம்பதுக்குக் கண் திறக்கும், ஒன்பது ஐந்துக்கு மூடிக்கொள்ளும். அதற்குள் முகத்தைக் காட்டாவிட்டால் முதல் பாடவேளை போச்சு. முதல் பாடவேளை போனால் அரைநாள் வருகை போச்சு. தொண்ணூறு வேலை நாளில் அறுபத்தைந்து சதவீதம் இல்லாதவருக்கு ஹால் டிக்கெட் கிடையாது. அந்த செமஸ்டரை அடுத்த வருஷம் மறுபடி படிக்க வேண்டும்.

பரீட்சைக்கு ஒரு மாதம் இருக்கும்போது ஹால் டிக்கெட் கிடைக்காத நிலையில் இருப்பவர்களின் முதல் பட்டியலை ஒட்டினார்கள். முப்பத்தெட்டுப் பேர்.

மாணவர் நலத்துறை டீன் ஹரிஹரசுதன் அதை ஒரு வரைபடமாகவே போட்டுவிட்டார். கருவி வருவதற்கு முந்தைய பதினைந்து வருஷமும் கோடு தரையோடு தரையாகப் படுத்திருந்தது: வருஷத்துக்கு மூன்று பேர், நான்கு பேர். இந்த வருஷம் ஒரேயடியாக எழுந்து நின்றது. டீனின் முடிவு ஒரே வரிதான்: இந்தக் காலத்துப் பிள்ளைகள் சோம்பேறிகள். தீர்வும் ஒரே வரி: தன்னம்பிக்கைப் பேச்சாளர் ஒருவரை அழைப்பது. வியாழக்கிழமைக் கூட்டத்தில் ஆதரவு மையம் இதை வழிமொழிந்து அறிக்கை தர வேண்டும்.

திங்கட்கிழமை மூன்றாவது மாடிக்கு ஒரு பெண் ஏறி வந்தாள்.

“சார், ஆதரவு மையம் இதுதானா?”

“ஆமாம்மா. உக்காரு.”

“உக்காந்தா அடுத்த கிளாஸும் போயிரும் சார். நின்னுக்கிட்டே சொல்லிர்றேன்.”

பெயர் அல்ஷிஃபா. கணிதம் இரண்டாம் ஆண்டு. முதல் வருஷம் துறையிலேயே முதல் மதிப்பெண். பட்டியலில் பதினாறாவது பெயர்.

“வீடு எங்கம்மா?”

“தொட்டியம் சார்.”

அடைக்கலத்தின் பேனா நின்றது. அவருக்கும் தொட்டியம்தான். ஆனால் ஒருங்கிணைப்பாளராகக் கேட்க வேண்டியதைக் கேட்டார்.

“அங்கேர்ந்து ஆறு அம்பதுக்கு நேர் பஸ் இருக்கே? எட்டே முக்காலுக்குச் சத்திரம் பஸ் ஸ்டாண்டுல இறக்கி விட்டுருவானே?”

“அது காசு பஸ்ஸு சார்.”

“சரி, நீ எதுல வர்ற?”

“தொட்டியத்துலேர்ந்து முசிறிக்கு ஒரு டவுன் பஸ்ஸு. முசிறிலேர்ந்து குணசீலத்துக்கு ஒன்னு. குணசீலத்துலேர்ந்து சத்திரத்துக்கு ஒன்னு. மூணுமே லேடீஸுக்கு ஃப்ரீ. அதுல ஏதாச்சும் ஒன்னு லேட்டாயிரும்.”

“எது லேட்டாகும்?”

“மூணும்.”

“நேர் பஸ்ல வர்றதே இல்லையா?”

“வருவேன் சார். எங்கத்தா, அப்பாதான் சார், லோடு ஆட்டோ ஓட்டுறாங்க. லோடு கெடச்ச மறுநாள் நேர் பஸ்ஸு. ஹாஸ்டல்ல சேரலாமேன்னு கேட்டுறாதீங்க. அதுக்கு முடிஞ்சா நான் ஏன் சார் இந்தப் படியெல்லாம் ஏறி வரேன்?”

அடைக்கலம் கேட்க நினைத்த அடுத்த கேள்வி அதுதான் என்பதால், அதை விட்டுவிட்டு அதற்கடுத்த கேள்விக்குப் போனார்.

“இந்த செமஸ்டர் விட்டுப்போச்சுன்னா என்ன பண்ணுவ?”

“எங்க மாமி மக என்.எஸ்.பி. ரோட்டுல ஜவுளிக்கடையில நிக்குது. ‘நீயும் வந்துருடி, இங்க பத்து மணிக்குத்தான் கடை தொறப்பாங்க’ன்னு சொல்லிக்கிட்டே இருக்கு. பத்து மணிக்குன்னா மூணு பஸ்ஸும் கரெக்டா இருக்கும் சார்.” அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பைச் சுவரில் இருந்த வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க முடியாது. “ஒரு வருஷம் வீட்டுல சும்மா உக்கார வெச்சு மறுபடி அனுப்ப மாட்டாங்க சார். கடைக்குப் போயிட்டா அதோட சரி.”

வாசல்வரை போனவள் திரும்பினாள்.

“சார், முன்னாடியெல்லாம் இந்த மாதிரி லிஸ்டே வராதாமே? அப்பவும் இதே பஸ்ஸுதானே ஓடுச்சு? அவங்கல்லாம் எப்புடி சார் ஒம்போது மணிக்கு வந்தாங்க?”

விடை தெரிந்த மனிதர் அந்தக் கட்டடத்திலேயே ஒருவர்தான் இருந்தார். அவர் “பாக்கலாம்மா, நீ கிளாஸுக்குப் போ” என்றார்.

பதினான்கு வருஷத்துக்கு முன்னால் அடைக்கலம் ‘அவர்’ ஆகவில்லை, ‘அவன்’தான். விடியற்காலையில் தொட்டியம் வாழைமண்டியில் லாரிக்குத் தார் ஏற்றுவான். அதை முடித்துக் குளித்துவிட்டுக் கிளம்பினால் அவன் பஸ் சத்திரத்துக்கு வர ஒன்பது இருபது ஆகும். அவனிடம் மூன்று சட்டைகள் இருந்தன. மூன்றிலும் தோளில் ஒரே இடத்தில் வாழைக்கறை. வாழைக்கறை பட்ட துணியை எந்தச் சோப்பும் ஒன்றும் செய்ய முடியாது. துணி கிழிந்தாலும் கறை நிற்கும்.

கல்லூரியில் சேர்ந்த முதல் மாதமே வருகைப் பதிவேட்டில் அவன் பெயருக்கு நேரே வரிசையாக ‘ஆப்சென்ட்’ விழுந்திருந்தது. போதும், மண்டிக்கே போய்விடலாம் என்று முடிவு செய்து நூலகப் படியில் உட்கார்ந்திருந்தபோது, ஸ்ரீரங்கத்துப் பையன் ஒருவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அவன்தான் ரெங்கராஜ். தெற்கு உத்திர வீதியிலிருந்து ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் இருபதே நிமிஷத்தில் வந்துவிடுகிறவன். கல்லூரி திறக்கும் முன்பே வந்து, காவலாளிக்குக் கதவைத் தள்ளிக் கொடுக்கிற ஜாதி.

“சட்டையில என்னடா, காபியைக் கொட்டிண்டியா?”

“வாழைக்கறை.”

“தோய்ச்சா போகாதோ?”

“போகாது.”

ரெங்கராஜ் அந்தக் கறையை ஆராய்ச்சி செய்கிறவன் மாதிரி கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு பஸ், மண்டி, நேரம் எல்லாவற்றையும் கேட்டான். கேட்டு முடித்து, “உன் நம்பர் இருபத்தேழுதானே? நீ பதறாம வா. நீ வர்ற வரைக்கும் உன் பேர்ல நான் இருக்கேன்” என்றான்.

மறுநாள் முதல் ரோல் நம்பர் இருபத்தேழு ஒரு நாள்கூடத் தாமதமாக வரவில்லை.

முதல் பாடவேளை தமிழ். எடுத்தவர் பேராசிரியர் பாக்கியநாதன். ‘பிரசன்ட் சார்’ என்று சொன்னால் அவருக்குக் காது கேட்காது. ‘உள்ளேன் ஐயா’ என்றால்தான் பேனா நகரும். அறுபத்து நான்கு பேர் வகுப்பில் அந்த இரண்டு சொல்லைப் பதினோரு குரலில் சொல்ல ரெங்கராஜ் பழகினான். முதலில் அடைக்கலத்துக்கு மட்டும் என்று ஆரம்பித்தது, தீபாவளிக்குள் முசிறிப் பக்கம் ஐந்து பேர், துறையூரிலிருந்து மூன்று பேர், மணப்பாறையிலிருந்து இரண்டு பேர் என்று வளர்ந்துவிட்டது. மணப்பாறைப் பையன்களுக்கு மூக்கால் பேசுவான். துறையூர்க்காரர்களுக்குக் கன்னத்தில் எதையோ அடக்கிக்கொண்ட மாதிரி. அடைக்கலத்துக்கு மட்டும் முதலில் ஒரு சின்ன இருமல், பிறகு கனத்த குரலில் “உள்ளேன் ஐயா.”

அந்த இருமல்தான் பிரச்சினை. மத்தியானப் பாடவேளைகளில் அடைக்கலம் நிஜமாகவே வகுப்பில் இருப்பான் அல்லவா? காலையில் இருமியவன் மத்தியானம் இருமாவிட்டால் சந்தேகம் வரும். அதனால் அசலே நகலைப் பார்த்து இருமக் கற்றுக்கொண்டது. மூன்று வருஷம் இருமினான். கடைசி வருஷம் கல்லூரி மருத்துவ முகாமில் அவனை மட்டும் தனியாகக் கூப்பிட்டுச் சளிப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார்கள்.

யாருக்கு வேண்டுமானாலும் குரல் கொடுத்துவிட மாட்டான் ரெங்கராஜ். சட்டதிட்டம் இருந்தது. சினிமாவுக்குப் போகிறவனுக்குக் குரல் கிடையாது. தூங்கிப்போனவனுக்குக் கிடையாது. பஸ்ஸில் வருகிறவன் இடைவேளையில் அன்றைய டிக்கெட்டைக் காட்ட வேண்டும். தேதி பார்ப்பான், புறப்பட்ட ஊர் பார்ப்பான், வாங்கிக் கிழித்துப் போடுவான். டிக்கெட் இல்லாவிட்டால் மறுநாள் குரல் இல்லை. ஒரு தடவை துறையூர்ப் பையன் ஒருவன் தரையில் கிடந்த டிக்கெட்டைப் பொறுக்கி வந்து காட்டி ஒரு வாரம் சஸ்பெண்ட் ஆனான். முதல் பாடவேளைக் குறிப்புகளைக் கார்பன் தாள் வைத்து எழுதிக் கொடுப்பதும் திட்டத்தில் அடக்கம். கல்லூரியில் அந்த மூன்று வருஷமும் ஊழலில்லாமல் நடந்த நிர்வாகம் அது ஒன்றுதான் என்று அடைக்கலம் இன்றைக்கும் நம்புகிறார்.

ஒரே ஒரு நாள் தவறு நடந்தது. இரண்டாம் வருஷம், ஆடி மாதம். புது டிரைவர் யாரோ வண்டியைப் பறக்கவிட்டு எட்டே முக்காலுக்கே சத்திரத்தில் சேர்த்துவிட்டார். அடைக்கலம் வாழ்க்கையில் முதல்முறையாக முதல் பாடவேளையில் ஜன்னலோரம் போய் உட்கார்ந்தான். ஒன்பது மணி வெயில் அந்த வகுப்புக்குள் எப்படி விழும் என்பதே அன்றைக்குத்தான் அவனுக்குத் தெரிந்தது. கரும்பலகையின் பாதியில் ஏறி நிற்கும். பாக்கியநாதனின் வழுக்கையில் கொஞ்சம் மிச்சம் இருக்கும். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

“இருபத்தேழு.”

இரண்டு இருமல் கேட்டது. இரண்டு “உள்ளேன் ஐயா” கேட்டது. ரெங்கராஜுக்குப் பழக்க தோஷம்.

பாக்கியநாதன் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, ஜன்னலோரம் இருந்தவனைப் பார்த்தார். பிறகு ரெங்கராஜைப் பார்த்தார்.

“அடைக்கலம் ரெண்டு பேருமே வந்தாச்சா? ரொம்ப நல்லது. ஒருத்தர் எழுதுங்க, ஒருத்தர் கவனிங்க” என்றார். “இருபத்தெட்டு.”

அவ்வளவுதான். அதற்கப்புறமும் அந்த ஏற்பாடு பட்டம் வாங்குகிறவரை ஓடியது.

இப்போது ஆதரவு மையத்தின் மேசையில் டீனின் வரைபடத்தை விரித்துவைத்துக்கொண்டு அடைக்கலம் உட்கார்ந்திருந்தார். தரையோடு படுத்துக் கிடந்த அந்தக் கோட்டுக்கு அர்த்தம் அவருக்குத் தெரியும். அந்த வருஷங்களிலும் முப்பது, நாற்பது பேர் ஒன்பது மணிக்கு வந்ததில்லை; வகுப்புக்கு ஒரு ரெங்கராஜ் இருந்தான். கருவி முகம் பார்க்கிறது, குரல் கேட்பதில்லை. பிள்ளைகள் மாறவில்லை, பஸ்ஸும் மாறவில்லை. மறைத்து நின்ற ஆள் மட்டும் விலகிவிட்டான்.

இதைச் சொன்னால்தான் அந்த வரைபடம் விழும். இதைச் சொல்ல வேண்டுமென்றால், சொல்கிறவன் யார், அவனுக்கு எப்படித் தெரியும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கும்.

செவ்வாய்க்கிழமை காலை எட்டே முக்காலுக்குப் பட்டியலை எடுத்துக்கொண்டு சத்திரம் பேருந்து நிலையத்தில் போய் நின்றார். ஒன்பது ஐந்திலிருந்து ஒன்பது இருபத்தைந்துக்குள், முப்பத்தெட்டுப் பேரில் முப்பத்தொரு பேர் பஸ்ஸிலிருந்து குதித்துக் கல்லூரியைப் பார்த்து ஓடினார்கள்; மீதி ஏழு பேர் பஸ்ஸில் வருகிறவர்கள் இல்லை. கடைசியாக வந்தவர்களோடு அவரும் ஓடினார். ஆசிரியர்களுக்கான கருவி ஒன்பது பத்துக்கே கண்ணை மூடியிருந்தது. அன்று அடைக்கலத்துக்கும் அரைநாள் போனது.

புதன்கிழமை சாயங்காலம் ஸ்ரீரங்கம் போனார். ரெங்கராஜ் இப்போது ஒரு வங்கியில் உதவி மேலாளர். வயிறும் மேலாளர் அளவுக்கு வந்துவிட்டது. ராஜகோபுரத்துக்கு எதிர்ப்பக்கம் இருக்கிற காபிக் கடையில் இருவரும் டபரா செட்டோடு நின்றார்கள். அடைக்கலம் எல்லாவற்றையும் சொன்னார்.

“சொன்னா உனக்கு என்ன ஆகும்?” என்றான் ரெங்கராஜ்.

“தெரியலடா. புரோபேஷன் முடியல. வீட்டுக்கு அனுப்புனாலும் அனுப்புவாங்க.”

“சொல்லலேன்னா?”

“அந்தப் பொண்ணு ஜவுளிக்கடைக்குப் போவும். மீதிப் பேரு எங்க போவாங்கன்னு தெரியாது.”

ரெங்கராஜ் காபியை ஆற்றிக்கொண்டே இருந்தான். எத்தனை தடவை என்று கணக்கில்லை.

“உன் பேரைச் சொல்ல மாட்டேன்டா. ‘ஒரு நண்பன்’னு மட்டும்...”

“ஏண்டா, மூணு வருஷம் தொண்டை கிழியக் கத்தினது நான். இப்ப மேடையில நீ மட்டும் ஏறுவியா? பேரைச் சொல்லு. இனிஷியலோட சொல்லு.” காபியை ஒரு வாய் குடித்தான். “அது இருக்கட்டும். நான் இன்னும் மறக்கலை, தெரியுமோ?”

“எதை?”

அவன் டபராவை வைத்துவிட்டுத் தொண்டையைச் செருமினான். ஏழு என்று சொல்லி மூக்கால் ஒரு ‘உள்ளேன் ஐயா’. பன்னிரண்டு. பத்தொன்பது. கன்னத்தை உப்பிக்கொண்டு முப்பத்திரண்டு. பதினோரு நம்பரும் வரிசை மாறாமல் வந்தன. கோவிலுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு மாமி நின்று பார்த்துவிட்டு, நடையைக் கொஞ்சம் வேகப்படுத்தினார். இருபத்தேழு வந்தபோது அந்தப் பதினெட்டு வயதுக் குரல், இருமலோடு, ஒரு மாற்றமும் இல்லாமல் இருந்தது. அடைக்கலத்துக்கே அந்தக் குரல் இப்போது இல்லை. தன்னிடமே இல்லாமல் போன தன் குரலை இவன் இத்தனை வருஷம் பத்திரமாக வைத்திருக்கிறானே என்று நினைத்துக்கொண்டு, காபி சூடு என்கிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“ரங்கா ரங்கா, அழுதுடாதேடா, கடைக்காரர் பாக்கறார்” என்றான் ரெங்கராஜ். “நாளைக்கு இருமாம பேசு.”

வியாழக்கிழமைக் கூட்டத்தில் ஏழு பேர். முதல்வர் விஜயராணி நடுவில். டீன் ஹரிஹரசுதன் வரைபடத்தைத் திரையில் போட்டு, தன்னம்பிக்கைப் பேச்சாளரின் புகைப்படத்தையும் அடுத்துப் போட்டார். பிறகு, “மையத்தோட அறிக்கை?” என்றார்.

அடைக்கலம் எழுந்தார். “மேடம், இந்தக் கோடு தப்பு.”

“மெஷின் தப்பாப் போடாது” என்றார் டீன்.

“மெஷின் சரிங்க சார். அதுக்கு முந்தின பதினஞ்சு வருஷம்தான் தப்பு. அப்பவும் முப்பது, நாப்பது பேரு பஸ்ல லேட்டாத்தான் வந்தாங்க. அவங்களுக்கு வேற ஆளு குரல் குடுத்தாங்க.”

“யாரு சொன்னது?”

“யாரும் சொல்லல சார். அதுல நானும் ஒருத்தன். எனக்குக் குரல் குடுத்தது எஸ். ரெங்கராஜ், ஸ்ரீரங்கம்.”

டீன் கண்ணாடியைக் கழற்றினார். “யோசிச்சுத்தான் பேசறீங்களா? புரோபேஷன்ல இருக்கீங்க.”

“மூணு நாளா யோசிச்சேன் சார்.”

முதல்வர் கேட்டார்: “எத்தனை நாள் இப்படி?”

“மூணு வருஷம் மேடம்.”

“தினமுமா?”

“ஒரே ஒரு நாள் நேரத்துக்கு வந்தேன் மேடம். அன்னிக்குத்தான் மாட்டிக்கிட்டோம்.”

ஓரத்தில் உட்கார்ந்திருந்த நூலகர் அமலராணி திடீரென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். கல்லூரியில் எல்லோரையும்விடப் பழையவர் அவர்தான். “மன்னிச்சுக்கங்க மேடம். பாக்கியநாதன் சார் கிளாஸ்தானே? ஸ்டாஃப் ரூம்ல வந்து சொல்லுவாரு. ‘எங்கிளாஸ்ல ஒருத்தன் பதினோரு பேரா வர்றான், அத்தனை பேரும் நல்லாப் படிக்கிறானுங்க’ன்னு.”

அடைக்கலம் சத்திரத்தில் எடுத்த பட்டியலை முதல்வரின் முன்னால் வைத்தார். பெயர், ஊர், இறங்கிய நேரம். பதினாறாவது பெயருக்கு நேரே, ‘மூன்று பஸ்’ என்று எழுதியிருந்தது.

முதல்வர் அதை முழுக்கப் படித்தார். இரண்டாம் தடவையும் படித்தார்.

“பழசை நான் திருத்த மாட்டேன், அடைக்கலம். வராத நாளை வந்ததா ஒரு நாள்கூட எழுத விட மாட்டேன்.”

“சரிங்க மேடம்.”

“உங்களுக்கு மெமோ உண்டு. எழுத்துல விளக்கம் குடுங்க. அது ஃபைல்ல இருக்கும்.”

“சரிங்க மேடம்.”

“மூணு வருஷம் ஃபர்ஸ்ட் அவருக்கு வரலன்னு நீங்களே சொல்றீங்க. அதை நான் இப்ப வாங்கிக்கப்போறேன். நாளையிலேர்ந்து செமஸ்டர் முடியற வரைக்கும், தினம் எட்டே முக்காலுக்கு நோட்டோட சத்திரத்துல நிக்கிறீங்க. இந்த லிஸ்ட்ல உள்ளவங்க எறங்கற நேரத்தை எழுதுறீங்க. ஒன்பதரைக்குள்ள எறங்கினா அரைநாள் உண்டு. ஒன்பது முப்பத்தொன்னுன்னா கிடையாது. முகத்தைப் பாத்து எழுதணும். குரலைக் கேட்டு எழுதக் கூடாது.”

“இவரோட ஃபர்ஸ்ட் அவர் கிளாஸ்?” என்றார் டீன்.

“நீங்க எடுங்க ஹரி. உங்களுக்கும் பிள்ளைங்களைப் பாத்த மாதிரி இருக்கும்.” முதல்வர் ஃபைலை மூடினார். “அடுத்த செமஸ்டர் ஒன்பதரைக்கு ஆரம்பிக்கலாமான்னு அகடமிக் கவுன்சில்ல வைக்கிறேன். பேச்சாளருக்குப் போன் பண்ணி வர வேணாம்னு சொல்லிடுங்க.”

வேலைக்குச் சேரும் முன்னால் செய்த குற்றத்துக்கு மெமோ வாங்கிய முதல் ஆசிரியர் என்ற பெருமை அன்று மாலைக்குள் அடைக்கலத்துக்குக் கிடைத்தது. மறுநாள் மத்தியான இடைவேளைக்குள் கல்லூரி முழுக்கச் செய்தி பரவி, கேன்டீனில் அவரைப் பார்த்த பையன்கள் ஒருவன் விடாமல் இருமினார்கள்.

மீதி இருந்தது இருபத்து மூன்று நாள். அல்ஷிஃபா கணக்குப் பெண். அவளே போட்டுச் சொன்னாள். “இனிமே அஞ்சு நாளுக்கு மேல விடக் கூடாது சார். ஆறாவது நாள் விட்டா ஜவுளிக்கடை.”

அரைநாள் கணக்கும் அவளுக்கு அத்துப்படி. இரண்டு அரைநாள் சேர்ந்தால் ஒரு நாள்.

சத்திரத்தில் காத்திருப்பது அடைக்கலத்துக்குப் புதிதில்லை. ஆனால் அந்தக் காலத்தில் பஸ்ஸுக்குள்ளிருந்து பார்த்த இடம் இது. பாலத்தில் வண்டி நிற்கும்போது காவிரியைப் பார்த்து, தூணின் நிழல் தண்ணீரில் எங்கே விழுகிறது என்று வைத்து நேரம் கணக்கிட முடியுமா என்றுகூட யோசித்திருக்கிறான். இப்போது பிளாட்பாரத்திலிருந்து பஸ்ஸைப் பார்க்கிறார். கண்டக்டர் விசில், பூக்கூடைகள், ‘முசிறி முசிறி முசிறி’. படியில் தொங்கிக்கொண்டு வந்து, நிற்கும் முன்பே குதிக்கிற ஒவ்வொரு பையனின் தோளையும் அவர் கண் தன்னாலேயே தேடும். கறை இருக்கிறதா என்று.

ஒன்பதாவது நாள் கொள்ளிடம் பாலத்தில் லாரி ஒன்று நின்றுபோனது. அல்ஷிஃபா இறங்கி ஓடி வந்தபோது மணி ஒன்பது முப்பத்து மூன்று.

“மூணு நிமிஷம் சார்.”

“முப்பத்து மூணுன்னு எழுதிட்டேன்மா.”

“அடிச்சுட்டு எழுதுங்க சார். எங்க தப்பா? லாரி தப்பு.”

“லாரி தப்புதான். எழுத முடியாது.”

“நீங்க மட்டும் மூணு வருஷம் ஏமாத்துவீங்க, எனக்கு மூணு நிமிஷம் தர மாட்டீங்க?”

பக்கத்தில் நின்ற துறையூர்ப் பையன்கள் கைதட்டாத குறை. அடைக்கலம் நோட்டை மூடினார்.

“எனக்கு ஒருத்தன் இருந்தான்மா. உனக்கு இந்த நோட்டுதான் இருக்கு. இதுல ஒரு எடத்துல பொய் இருந்தா டீன் சார் முழு நோட்டையும் தூக்கிப் போட்டுருவாரு. அப்புறம் முப்பத்தொரு பேருக்கும் சேர்த்துப் போயிரும்.”

அவள் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள். மறுநாள் ஒன்பது பதினொன்றுக்கு இறங்கி, அவரைப் பார்க்காமல், முகத்தை மட்டும் நோட்டின் பக்கம் காட்டிவிட்டுப் போனாள். கருவிக்குக் காட்டுவதைப் போலவே. அதற்கு மறுநாள் வணக்கம் சொன்னாள். அதற்கப்புறம் வாயாட ஆரம்பித்துவிட்டாள்.

டீனும் பார்க்க வந்தார், ஒரு நாள். எட்டு ஐம்பதிலிருந்து ஒன்பதரை வரை வெயிலில் நின்றார். மூன்றாவது பஸ்ஸிலிருந்து ஒரு பையன் ஜன்னல் வழியாகப் பையை எறிந்துவிட்டுக் குதித்ததைப் பார்த்ததும், “இவன் பேரு என்ன?” என்று கேட்டார். சொன்னதும் அவன் நேரத்தை அவரே தன் கையால் எழுதினார். தன்னம்பிக்கை பற்றி ஒன்றும் சொல்லவில்லை. “எனக்கு ஒரு டீ சொல்லுங்க” என்று மட்டும் சொன்னார்.

கடைசி வேலை நாள் முடிந்தது. நோட்டை முதல்வரிடம் ஒப்படைத்துக் கையெழுத்து வாங்கினார் அடைக்கலம். முப்பத்தொரு பேரில் இருபத்தெட்டுப் பேர் கோட்டைத் தாண்டியிருந்தார்கள். மூன்று பேர் தாண்டவில்லை. அவர்களை மூன்றாவது மாடிக்கு வரவழைத்து, ஏறி வந்ததற்கு முதலில் மன்னிப்புக் கேட்டு, அடுத்த வருஷத்துக்கு வழி என்ன என்று இரண்டு மணி நேரம் பேசினார். அல்ஷிஃபா மூன்றரை நாள்தான் விட்டிருந்தாள். எழுபத்தைந்து சதவீதம் இல்லாததால், வருகைக் குறைவு மன்னிக்கப்பட்டது என்ற முத்திரையோடு ஹால் டிக்கெட் வந்தது. அதில் தன் போட்டோ கண்றாவியாக இருக்கிறது என்று படியேறி வந்து புகார் சொல்லிவிட்டுப் போனாள்.

பரீட்சை முதல் நாள், பத்து மணிக்கு. அடைக்கலத்துக்கு அன்று மேற்பார்வை வேலை கிடையாது. பதினொரு மணிக்குப் போனால் போதும். எட்டே முக்காலுக்குச் சத்திரத்தில் நின்றுகொண்டிருந்தார்.

குணசீலம் பஸ் வந்தது. அல்ஷிஃபா இறங்கினாள்.

“சார், இன்னிக்கு அட்டெண்டன்ஸ் இல்லியே?”

“இல்லம்மா.”

“நோட்டு?”

“மேடம்கிட்ட குடுத்தாச்சு.”

“பின்ன எதுக்கு சார் நிக்கிறீங்க?”

“இங்க டீ நல்லா இருக்கும்.”

“பொய் சார்” என்றாள். கையிலிருந்த தாளை மடித்துப் பையில் வைத்தாள். “இன்னிக்கு ரியல் அனாலிசிஸ். நேத்து அத்தாவுக்கு லோடு கெடச்சுது, நேர் பஸ்ஸுக்குக் காசு குடுத்தாங்க. வேணாம்னுட்டேன். பத்து மணிக்குத்தானே, இதுவே போதும்னு வந்துட்டேன். சரி சார், வரேன்.”

“நல்லா எழுதும்மா.”

அவள் கூட்டத்தில் கலந்து போய்விட்டாள். அடைக்கலம் பெரிய கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்பது பன்னிரண்டு. கை தன்னாலேயே சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்துவிட்டது. நோட்டு இல்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, உள்ளங்கையில் எழுதிக்கொண்டார்.